சோளக்கட்டைப் பேனாவில் புழு

நகலகத்துக்காரர் தேநீர்க் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன நேரம் பார்த்துத்தான் வந்தவர் அந்தப் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை. அதில் ஒரு பேனாவும் கழற்றிய மூடியும் இருந்தன. மூடியின் வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது இன்னதென்று கண் சொல்வதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. வாயிலிருந்த தேநீரை விழுங்கவும் மனமில்லாமல், அக்கா வீட்டுத் தரையில் துப்பவும் துணியாமல், அவர் கன்னம் புடைக்க எழுந்து சன்னல் பக்கம் போனார்.

அவருடைய அத்தான் மட்டும் அசையவில்லை. பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“புழு. ரெண்டு இருக்கு. செத்து நாலஞ்சு நாள் ஆகியிருக்கும்,” என்றார், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்.

அவரை ஊரில் எல்லாரும் மாட்டு டாக்டர் என்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஜீவன்களிடம் நோயைத் தேடியே காலம் தள்ளியவருக்கு, மனிதர்கள் மறைப்பதும் பிடிபட்டுவிடும் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. காணாமல் போன மோதிரம், கையெழுத்தில்லாத கடிதம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். நகலகத்துக்காரர் அவர் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் நகல் எடுக்கும் இயந்திரம் இரண்டு வைத்திருந்தார். கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு அத்தானுக்குப் பின்னால் அலைவதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது. துப்பறிவதில் ஆசை கடலளவு. அருவருப்பைத் தாங்கும் சக்தி மட்டும் கடுகளவும் கிடையாது.

வந்தவர் ஒரு கடைசல்காரர். ஐம்பது வயதிருக்கும். விரல்கள் தடித்து, புருவ மயிரில்கூட மரத்தூள் படிந்திருந்தது. தொழிற்சாலையில் லேத்து ஓட்டியவர், வேலை போனபின் சொந்தமாகப் பேனா கடைய ஆரம்பித்திருந்தார். மரத்தில் இல்லை, சோளக்கட்டையில். மக்காச்சோளக் கதிரிலிருந்து மணிகளை உதிர்த்தபின் அடுப்புக்கும் குப்பைக்கும் போகிற கட்டை இருக்கிறதே, அதைக் காயவைத்து, கெட்டியாக்கி, கடைந்து, இழைத்து, அவர் பேனா செய்தார். மணிகள் இருந்த குழிகளில் வண்ணப் பிசின் இறங்கி, தேன்கூட்டில் நீலமும் பச்சையும் ஊற்றிவைத்தாற்போல இருக்கும். நகரின் பெரிய பரிசுப்பொருள் கடையில் அந்தப் பேனாக்களுக்கு என்றே ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார்கள்.

பைக்குள் இருந்ததும் அவர் செய்த நீலப் பேனாதான். அதை அவர் விற்கவில்லை, கொடுத்திருந்தார். அவருடைய அண்ணன் பேருந்து ஓட்டியவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியை அவர்தான் ஆளாக்கினார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின், இளைப்பும் சேர்ந்துகொண்டது. கடைசல்காரரின் வீடே பட்டறை, பட்டறையே வீடு. அந்தத் தூளில் அண்ணனால் மூச்சுவிட முடியாது என்பதால், எட்டு மாதம் முன்பு அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார். சேர்த்த அன்று நன்றிக்கு அடையாளமாக நீலப் பேனா ஒன்றைத் தாங்கியோடு அலுவலக மேசைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

போன வியாழக்கிழமை இல்லத்துக்கு அரசு ஆய்வு. அதிகாரியம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட இந்தப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். திறந்த பக்கத்தின்மேல் பொலபொலவென்று புழு உதிர்ந்தது. ஏழு புழு. கூடவே சீழ்போல ஏதோ ஒழுகியது. அதிகாரியம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். மறுநாள் பேனாவைப் பையில் போட்டுக் கடைசல்காரருக்கே அனுப்பி, சோளக்கட்டைக்குள் புழு எப்படி வந்தது என்று ஒரு வாரத்தில் விளக்கம் தராவிட்டால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்று கடிதமும் வைத்திருந்தார். விஷயம் ஊரில் பரவ எத்தனை நேரம்? பரிசுப்பொருள் கடைக்காரர் அன்று மாலையே தட்டைக் காலி செய்துவிட்டார்.

“அதுகூடப் பரவால்ல டாக்டர்,” என்றார் கடைசல்காரர். “புழு புடிச்ச ஆளு எங்க பெரியவங்க பக்கமே வரக்கூடாதுன்னு நிர்வாகி சொல்லிட்டாரு. வாசல்லயே நிறுத்திட்டாங்க. என் அண்ணனப் பாக்க முடியல.”

அதற்கு முன் பார்த்தாரா என்று மாட்டு டாக்டர் கேட்டார். மூன்று வாரமாகச் சன்னல் வழியாகத்தான் பார்த்ததாகப் பதில் வந்தது. அண்ணனுக்குத் தொத்துச் சொறி, உள்ளே போகக்கூடாது என்று நிர்வாகி சொன்னாராம்.

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. சன்னல்கிட்டப் போனா, கைய ஆட்டி, போ போன்னாரு.”

மாட்டு டாக்டர் பையைத் திறந்து, மூடியை எடுத்து, மூக்குக்கு அருகே கொண்டுபோனார். நகலகத்துக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அத்தான் விடுகிற ஆளா?

“மச்சான், நீயும் கொஞ்சம் மோந்து பாரு.”

“அத்தான், நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?”

மூச்சைப் பாதி அடக்கிக்கொண்டு அவரும் மோந்தார். முதலில் அழுகல் வாடை வந்தது. அதற்கு அடியில், மெலிதாக, வேறொன்று. பெயிண்டுக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்தக் காரம்.

“டர்பெண்டைன்,” என்றார் அவர். மாட்டு டாக்டர் தலையாட்டினார். கடைசல் வேலை செய்கிறவர்கள் துடைக்க வைத்திருப்பார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நகலகத்துக்காரர் அதை அப்போதே மறந்துவிட்டார். அவர் மனம் அதற்குள் குற்றவாளியைப் பிடித்து விலங்கும் மாட்டியிருந்தது. கடைசல்காரரின் பழைய கூட்டாளி ஒருவர், சண்டை போட்டுப் பிரிந்துபோய், மூங்கிலில் பேனா செய்து அதே கடையில் விற்கிறார் என்று தெரிந்ததும், இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்றே நினைத்தார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனார்கள். குறுகலான மாடிப்படி. மேலே இரண்டு அறை. ஒன்றில் கடைசல் இயந்திரம், இன்னொன்றில் அடுப்பு, பிசின் டப்பாக்கள், மூலையில் ஒரு கட்டில். காற்றிலேயே தூள் மிதந்தது. பிசின் நெடி நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

கடைசல்காரர் செய்முறையைக் காட்டினார். காய்ந்த கட்டையைப் பிசினில் முக்கி, ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, பம்பினால் காற்றை உறிஞ்சி எடுத்தார். கட்டைக்குள் இருந்த காற்று நுரைநுரையாக வெளியேறி, அந்த இடத்திலெல்லாம் பிசின் புகுந்தது. பிறகு அதை அடுப்பில் வைத்து இரண்டு மணி நேரம் சுடவேண்டும். வெந்நீரையும் தோற்கடிக்கிற சூடு. வெளியே வரும்போது கட்டை கல்லாகியிருக்கும். நடுவில் துளைபோட்டுப் பித்தளைக் குழாயைப் பசை வைத்துச் செருகி, அதன்பின்தான் கடைசல். இயந்திரத்தில் சுழன்ற கட்டையில் அவர் உளியை வைத்ததும் மஞ்சள் சுருள்கள் பறந்தன. கரடுமுரடாக இருந்தது வழவழவென்று உருண்டது. உடனே காய்கிற பசையை மெல்லிய பூச்சாகப் பத்துத் தடவை பூசி, மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கினார். நகலகத்துக்காரருக்குக்கூட ஒன்று வாங்கிச் சட்டையில் செருகிக்கொள்ள ஆசை வந்தது. புழு ஞாபகம் வந்ததும் ஆசை போய்விட்டது.

மாட்டு டாக்டர் ஒரு மூடியைக் குறுக்கே அறுத்துக் காட்டச் சொன்னார். வெளியே சோளக்கட்டை, உள்ளே முழுக்கப் பித்தளை. ஊசி முனையும் இறங்கவில்லை. பிறகு டர்பெண்டைன் புட்டி எங்கே என்று கேட்டார்.

“அது எதுக்கு டாக்டர் நமக்கு? இந்தப் பூச்சுக்கு அது ஆகவும் ஆகாது. அண்ணன் இங்க இருந்தப்ப அந்த வாடை பட்டாலே இளைக்கும். நான் வாங்குறதே இல்ல.”

மூலையில் வாங்கி வந்தபடி பிரிக்கப்படாத சோளக்கட்டை மூட்டை ஒன்று இருந்தது. புழு அரித்த கட்டை அதில் கிடைக்குமா என்று கேட்டு, மாட்டு டாக்டர் ஒன்றைப் பொறுக்கி உடைத்தார். நடுத் தக்கையில் தடித்த புழு ஒன்று சுருண்டு கிடந்து நெளிந்தது. அவர் அதை உள்ளங்கையில் தட்டி, மைத்துனரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நல்லாப் பாரு. இதுக்குப் பழுப்புத் தலை தனியாத் தெரியுது. கால் இருக்கு. இதுதான் சோளப்புழு. பையில இருக்கிறதுக்குத் தலையும் இல்ல, காலும் இல்ல. முன்னாடி கூர்மை, பின்னாடி மொண்ணை. அது ஈப்புழு. அழுகின மாமிசத்துல பொறக்குறது.”

நகலகத்துக்காரர் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஆனாலும் மூங்கில் பேனாக்காரரைப் பிடிக்கப் போனார். மீன் கழிவு வாங்கினாரா, கறிக்கடைப் பக்கம் போனாரா என்று சுற்றிவளைத்து விசாரித்துவிட்டு, மாலையில் முகம் தொங்கத் திரும்பி வந்தார். பரிசுப்பொருள் கடைக்காரர் சோளக்கட்டையோடு மூங்கிலையும் சேர்த்துத் தூக்கி எறிந்திருந்தார். இயற்கைப் பொருள் எதுவுமே வேண்டாம் என்றாராம். மூங்கில் பேனாக்காரர் தன் பேனாக்களையெல்லாம் வீட்டில் குவித்துவைத்துக்கொண்டு திட்டித் தீர்க்கிறார். இல்லத்தின் வாசற்படியைக்கூட அவர் மிதித்ததில்லை.

மாட்டு டாக்டருக்கு அதில் வியப்பில்லை. மறுநாள் காலை மைத்துனரையும் கடைசல்காரரையும் கூட்டிக்கொண்டு அதிகாரியம்மாவின் அலுவலகத்துக்குப் போனார்.

அந்த அம்மாள் கறாரான பெண்மணி. ஆனால் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை என்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொல்லி மாட்டு டாக்டர் கேட்டார். பராமரிப்புப் பதிவேட்டை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாராம். கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்கு வந்ததும், படிப்பதற்கு முன் தேதி போட்டுவிடலாம் என்று தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாராம்.

“உங்க பேனாவையா?” என்றார் மாட்டு டாக்டர்.

“ஆமா. நான் எப்பவும் என்னோடதுலதான் எழுதுவேன். நிர்வாகிதான், இது அன்பளிப்பா வந்தது, உங்க கையால எழுதுங்கன்னு அத நீட்டினாரு.”

“புழு உசுரோட இருந்துதா?”

“ரெண்டு நெளிஞ்சுது. மத்ததெல்லாம் செத்துக் கெடந்துச்சு.”

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்திருக்கிறது. நிர்வாகி கையுறை போட்ட கையோடு ஓடிவந்து, பதிவேடு கெட்டுப்போகும், பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றார். வாசலில் நின்றபடியே அதிகாரியம்மா சரியென்று சொன்னார். பக்கத்தைக் கொல்லையில் ஒரு தகர டப்பாவில் போட்டு எரித்தார்கள். அசுத்தம் பட்டதால் கிழிக்கப்பட்டது என்று அடுத்த பக்கத்தில் எழுதி, அதிகாரியம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுதிய நர்ஸ் விடுப்பில் போயிருப்பதாகவும், வந்ததும் மறுபடி எழுதச் சொல்வதாகவும் நிர்வாகி சொன்னார். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று அதிகாரியம்மாவுக்குத் தெரியாது.

நகலகத்துக்காரருக்கு இப்போதுதான் தன் தொழில் கைகொடுத்தது. அந்த மாதிரிப் பதிவேடுகளை அவர் கடையிலேயே கட்டிக் கொடுப்பதுண்டு.

“அதுல ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் அடிச்சு முத்திரை குத்தியிருப்பாங்க அத்தான். ஒரு தாள் குறைஞ்சாலும் உரிமம் போயிடும். அதிகாரி கையெழுத்து இல்லாம யாராலயும் கிழிக்க முடியாது.”

“இந்தக் கூத்துல பேனா அசிங்கமாச்சு, இவர் பேரு கெட்டுச்சு. ரெண்டையும் கழுவிடலாம். திரும்பி வராத மாதிரிப் போனது எது?” என்று கேட்டார் மாட்டு டாக்டர்.

“பக்கம்,” என்றார் நகலகத்துக்காரர். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது.

மாட்டு டாக்டர் எழுந்துவிட்டார். இப்போதே இல்லத்துக்குப் போகவேண்டும், அதிகாரியம்மா கூடவே வரவேண்டும் என்றார். வண்டி பிடித்தார்கள். மாடு செத்துக்கொண்டிருக்கும்போதுகூட நிதானமாகக் கை கழுவுகிற மனிதர், ஓட்டுநரிடம் இரண்டு தடவை வேகமாகப் போகச் சொன்னார்.

இல்லம் பளிச்சென்று இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. வாசலிலிருந்தே ரோஜா வாசனைத் தெளிப்பான் மூக்கை அடைத்தது. ரோஜாத் தோட்டத்தில் எலி செத்துக் கிடந்தாற்போல இருக்கிறதே என்று நகலகத்துக்காரருக்குப் பட்டது. வாசனைத் தெளிப்பானே அப்படித்தான் போலும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

நிர்வாகி இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். அதிகாரியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். மாட்டு டாக்டரோடு கை குலுக்கிய உடனே மேசைமேல் இருந்த கிருமிநாசினிப் புட்டியை அமுக்கிக் கையில் மருந்தைத் தேய்த்துக்கொண்டார். கடைசல்காரரைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

“இவர ஏம்மா உள்ள கூட்டிட்டு வந்தீங்க? எங்க பெரியவங்களுக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்,” என்றார் மாட்டு டாக்டர். “உக்காருங்க. ரெண்டு நிமிஷம்தான். அந்தப் புழு சோளப்புழு இல்ல, ஈப்புழு. கல்லு மாதிரி சுட்டு, உள்ள பித்தளைக் குழாய் வெச்ச மூடிக்குள்ள அது தானாப் போக வழியே கிடையாது. யாரோ போட்டிருக்காங்க. பேனா எட்டு மாசமா இருந்தது இந்த அறையில. ஆய்வு நாள்ல அந்த அம்மா தன் பேனாவ எடுத்தப்ப, வேண்டாம், இதுல எழுதுங்கன்னு நீட்டினவர் நீங்க. மூடியத் திறக்குறப்பவே கையுறை போட்டிருந்தவரும் நீங்கதான்.”

“சுத்தம் எங்க வழக்கம் சார். ஈ எங்க இல்ல? குப்பையில இருந்து எதாவது ஏறியிருக்கும்.”

“நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா மூடியில டர்பெண்டைன் வாடை அடிச்சுது. குப்பையில அது ஏது? பேனா செஞ்சவரும் அதத் தொடுறதில்ல.” மாட்டு டாக்டரின் குரல் இன்னும் தணிந்தது. “முப்பத்திரண்டு வருஷமா நான் அத எதுக்கு வெச்சிருந்தேன் தெரியுமா? மாட்டுக்குப் புண்ணுல புழு வெச்சா, பஞ்சுல டர்பெண்டைன நனைச்சு உள்ள வைப்போம். மூச்சு முட்டிப் புழு வெளிய வரும். வந்து கொஞ்ச நேரத்துல செத்துடும். ஒண்ணு ரெண்டு நெளியும். மனுசங்களுக்கும் அதேதான்.”

மாட்டு டாக்டர் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்த வீட்டுக்குள்ள யாரோ ஒருத்தர் உடம்புல இருந்து அந்தப் புழுவ எடுத்திருக்காங்க. எடுத்தவங்க அதப் பதிவேட்டுல எழுதியும் வெச்சுட்டாங்க. அந்தப் பக்கம் ஒழியணும். சும்மா கிழிச்சா மாட்டிக்குவீங்க. அருவருப்பான ஒண்ணு அதுமேல விழுந்தா, கிழிக்கச் சொல்லி அவங்களே உத்தரவு போடுவாங்க. அருவருப்பு வந்தா மனுசன் மொதல்ல கண்ணத் திருப்பிக்குவான். அத நம்பித்தான் செஞ்சிருக்கீங்க.”

அதற்குள் கடைசல்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“எங்கண்ணன் அறையத் திறங்க,” என்றார்.

சாவி நர்ஸிடம் இருக்கிறது, அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நிர்வாகி சொல்லத் தொடங்கினார். ஆனால் அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, கால்சட்டைப் பைமேல் போய் நின்றது. அதிகாரியம்மா அந்தக் கையைப் பார்த்தார். தன் கையை நீட்டினார். சாவி வந்தது.

ஒன்பதாம் எண் அறை நடைவழியின் கோடியில் இருந்தது. கதவு திறந்ததும் ரோஜா வாசனை அடிபட்டுப்போயிற்று. உள்ளே அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வெயில் பட்ட சன்னல் பக்கம் முகம். துணி எத்தனை நாளாக மாற்றப்படவில்லையோ, மஞ்சளாகிக் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. மெத்தை நனைந்து கறுத்திருந்தது. மாட்டு டாக்டர் துணியை மெதுவாக விலக்கினார். இடுப்புக்குக் கீழே, படுத்த இடம் அழுந்தி அழுகி, உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது. குழிக்குள் இன்னும் அசைவு இருந்தது.

அதிகாரியம்மா கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் கையை இறக்கிவிட்டார். வெளியே போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். கடைசல்காரர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு அண்ணனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாட்டு டாக்டர் தண்ணீர் கேட்டார், பஞ்சும் இடுக்கியும் கேட்டார், தட்டு கேட்டார். தட்டைப் பிடித்தது நகலகத்துக்காரர்தான். இடுக்கியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார். கை நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து அண்ணனை ஏற்றியபின் நகலகத்துக்காரர் நடைவழிக்கு வந்தார். நிர்வாகி சுவரோரம் நின்றிருந்தார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்றும், வாரா வாரம் டாக்டரை வரவழைக்க எந்த இல்லத்தால் முடியும் என்றும் அதிகாரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லியபடியே சட்டைப் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, இரண்டு கையிலும் மருந்தை ஊற்றி, விரலிடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்துக்கொண்டார். இந்த மூன்று வாரத்தில் அந்த அறைக்குள் எதையுமே தொடாத கைகள் அவை. தொட்டதெல்லாம் ஒன்பது புழுவும் ஒரு பேனா மூடியும்தான்.

நகலகத்துக்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் குமட்டியது. பளபளக்கிற அந்தத் தரையிலேயே குனிந்து வாந்தி எடுத்தார்.

மற்றவை தாமாகவே வெளியே வந்தன. ஊருக்கு அனுப்பப்பட்ட நர்ஸ் மறுநாளே வந்து வாக்குமூலம் கொடுத்தாள். புண்ணிலிருந்து எடுத்த புழுக்களை ஒரு மருந்துப் புட்டியில் போட்டு, டாக்டரை வரச் சொல்லுங்கள் என்று நிர்வாகியிடம் கொடுத்திருக்கிறாள். அவர் தட்டிக்கழிப்பார் என்று தெரிந்துதான் பதிவேட்டிலும் எழுதியிருக்கிறாள். ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அவளுக்கு ஒரு வாரம் விடுப்பு கொடுத்துப் பேருந்து ஏற்றிவிட்டார்கள். போலீஸ் நிர்வாகியைக் கூட்டிப்போனது. மற்ற அறைகளைத் திறந்து பார்த்ததில் இன்னும் இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. படிக்காமலே ஒரு பக்கத்தை எரிக்க அனுமதி கொடுத்தேன் என்று அதிகாரியம்மா தன்மேல் தானே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பேனாவில் குற்றமில்லை என்று ஒரு கடிதமும் கொடுத்தார். பரிசுப்பொருள் கடைக்காரர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டி, தட்டை மறுபடி நிரப்பினார். பேனாவை எடுப்பவர்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். மூங்கில் பேனாவைக்கூட மோந்து பார்த்தார்களாம்.

மூன்றாவது வாரம் மாட்டு டாக்டரும் மைத்துனரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். புண் சிவந்து ஆற ஆரம்பித்திருந்தது. அண்ணனுக்கு முகச்சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தார்கள். மதியம் புண் கழுவுகிற நேரம். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்ததிலிருந்து அதைக் கடைசல்காரரே செய்துவந்தார்.

சன்னல் வழியாகத் தம்பி பார்த்தபோதாவது ஏன் சொல்லவில்லை என்று மாட்டு டாக்டர் அண்ணனிடம் கேட்டார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய் கோணியிருந்ததால் சொற்கள் மெதுவாகத்தான் வந்தன.

“சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா உள்ள வருவான். வந்தா நாத்தம் அடிக்கும். என் தம்பி என்னப் பாத்து மூக்கப் பொத்துறத நான் பாக்கணுமா?”

கடைசல்காரர் வெந்நீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“எனக்கு நாலு வயசுல வயித்தாலப் போய் பத்து நாள் கெடந்தப்ப யாரு கழுவினது?”

“அது வேற.”

“என்ன வேற?”

“நீ சின்னப் பையன்.”

“உனக்கு என்ன வயசு அப்ப? பன்னெண்டு. நீ மட்டும் கெழவனா?”

கடைசல்காரர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். மாட்டு டாக்டர் மைத்துனரின் தோளைத் தொட்டு, போகலாம் என்று சாடை காட்டினார். அவர்கள் வாசலைத் தாண்டும்போது திரைக்குள்ளிருந்து, தண்ணீர் சூடு ஜாஸ்தி என்று அண்ணன் திட்டுவதும், சும்மா கெட என்று தம்பி அதட்டுவதும் கேட்டது.